சீல் அண்ணாச்சியின் இல்லாத சிடிகள்

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்களாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்குள் கிடப்பதை எல்லாம் அள்ளி ஒரே மூட்டையாகக் கட்டி, வாயைத் தைத்து, இனி ஒருத்தனும் கைவைக்க முடியாது என்று காலை நீட்டி உட்காரலாம் எனக் கண்டுபிடித்தவர் ஆனைக்கரை சீல் அண்ணாச்சிதான். இடுக்கி மலையில் இதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அவர் விளக்க ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம்.

நான் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பிறந்தது எருத்தேன்பதிப் பக்கம். படித்தது எட்டாவது, அதிலும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்தே ஒரு வருஷம் நடந்தேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் என் கால் தரிக்காது. பாத்திரம் தேய்க்கும் சத்தம் பழகிப்போனால் கிளம்பிவிடுவேன். ஆனைக்கரையில் மட்டும் அப்படி முடியவில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஏலக்காய் எடுப்பு தொடங்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை கிடைத்தது. கூலியோடு, மாடியில் காலிச் சாக்குகளின்மேல் படுத்துக்கொள்ள அனுமதி. மாடியின் மறுபாதியில் ஒரு கடை. போட்டோ, லேமினேஷன், ரீசார்ஜ், பழைய வீடியோ புதுப்பித்தல் என்று பலகையில் எழுதியிருந்தது. கீழே அடுப்பு எரிவதால் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மலை முழுக்க ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அந்த அறை மட்டும் உலர்ந்திருக்கும். அதற்காகவே அங்கே கடை போட்டாராம்.

முதல் நாள் காலையில் கடையைத் திறந்தவர், சாக்கின்மேல் படுத்திருந்த என்னைப் பார்த்தார். பேர் என்ன, ஊர் எது என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஏலே, ஒன் போன்ல எத்தன படம் கெடக்கு?"

"தெரியலைங்க அண்ணாச்சி. நெறைய இருக்குமுங்க."

"கட்டி வச்சிருக்கியா, சும்மா கெடக்கா?"

"சும்மாதானுங்க கெடக்குது."

பறித்த பச்சைக்காயை மழையில் கொட்டி வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சும்மா கெடக்குதாம்," என்று சுவரிடம் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட வைத்திருந்த மரவள்ளிக் கப்பையில் பாதி எனக்கு வந்தது. அதற்குப் பதிலாக என் போனில் இருந்த படங்களை எல்லாம் வாங்கித் தைத்துவிட்டார்.

இந்தத் தையல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. வாய் திறந்த சாக்கு மாதிரி. படம், பாட்டு, எதையும் போடலாம், எடுக்கலாம். அண்ணாச்சியிடம் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஃபோல்டரை அதற்குக் காட்டினால் உள்ளே இருப்பதை எல்லாம் அடுக்கு குலையாமல் எடுத்து ஒரே ஃபைலாக ஆக்கிவிடும். அந்த ஃபைல் தன்னை ஒரு சிடி என்று நினைத்துக்கொள்ளும். அதை 'ஏற்றினால்' கம்ப்யூட்டரும் தனக்குள் நிஜமாகவே ஒரு சிடி போட்டிருக்கிறது என்று நம்பிவிடும். பார்க்கலாம், கேட்கலாம். ஒன்றைச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. அதுதான் சீல்.

அவர் முதன்முதலில் எனக்குக் காட்டியபோது திரையில் சிடியின் படம் வந்தது. நான் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன்.

"சிடி எங்கங்க அண்ணாச்சி?"

"இல்ல."

"பின்ன அங்க காட்டுதுங்களே."

"இல்லாததுனாலதாம்ல காட்டுது. இருந்துச்சுன்னா பூத்துப் போயிரும்."

பூத்துப் போவது என்றால் பூஞ்சை. அவர் வாழ்க்கையின் பெரிய துக்கம் அது. ஒரு காலத்தில் எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் நடக்கும் கல்யாணம், ஞானஸ்நானம், காது குத்து எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தவர். அலமாரி நிறையச் சிடி அடுக்கி வைத்திருந்தார். ஒரு கர்க்கடக மாதம், நம்ம ஆடி, மழை நிற்கவே இல்லை. மழை விட்டு அலமாரியைத் திறந்தால், ஒவ்வொரு சிடியிலும் வெள்ளை நூல் படர்ந்து, மினுக்கு உரிந்து வந்ததாம். எத்தனையோ மணமகள்கள் ஒரே மழையில் போனார்கள். கெட்டுப்போனதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தார். ஜெபம் பண்ணக் கூப்பிட்டபோது போதகர் ஐயா, காய்ச்சலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தத் தையல். கம்ப்யூட்டரில் மிச்சம் கிடந்த ஃபோல்டர்களை எல்லாம் சீல் செய்தார். அத்தோடு நின்றிருந்தால் ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்றிருக்கும். அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு இல்லாத சிடிக்கும் கம்பத்திலிருந்து காகித உறை வாங்கி வந்தார். உறையின்மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று மணி மணியாக எழுதி அலமாரியில் அடுக்கினார். உள்ளே ஒன்றும் கிடையாது. பரலோகத்துக்குப் போனவர்களின் செருப்பை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும் அந்த அலமாரி. ஞானஸ்நான வீடியோ கேட்டு வந்த ஓர் ஆளிடம் பென்டிரைவோடு உறையையும் கொடுத்தனுப்பினார். அந்த மனிதர் சிடி வழியில் விழுந்துவிட்டது என்று நினைத்து, குமுளி ரோட்டில் பாதித் தூரம் குனிந்து தேடிக்கொண்டே போனதை நானே பார்த்தேன்.

சிடி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலம் இது. ஊரில் எல்லாரிடமும் இருப்பது போன். போனுக்கு இந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. டிவிக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போனில் பார்க்கிற படம் படமே இல்லை என்பது அவர் கட்சி.

சக்குபள்ளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அப்பா பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் விறகு தள்ளப் போகிற சாக்கில் படியில் இறங்கி நின்றுகொண்டேன்.

"ஏம்பா சீலு, இதுல என் மகன் கல்யாணம் இருக்கா இல்லியா?"

"முழுசா இருக்கு மாமா. தாலி, பந்தி, செருப்பு தொலைஞ்ச சண்ட, எல்லாம்."

"டிவி இல்லங்குதே."

"டிவிக்கு அவ்வளவுதான் வெவரம்."

கடைசியில் அண்ணாச்சியே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், சிடியை ஏற்றி, கூடவே உட்கார்ந்து முழுக் கல்யாணத்தையும் காட்டினார். பாதியில் மாப்பிள்ளையின் அப்பா, தன் மச்சினன் வருகிற இடங்களை எல்லாம் வெட்டிவிடச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் நிலத்தகராறு வந்திருந்தது. சீல் ஆகிவிட்டது, பிரிக்க முடியாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அவர் கெஞ்சினார், மிரட்டினார், பலாப்பழம் தருகிறேன் என்றார். நடக்கவில்லை. அடுத்த காய் எடுப்புக்குள் மச்சினனும் அவரும் ஒரே ஜீப்பில் போனார்கள். பலாப்பழம் தானாக வந்தது. இருந்தாலும் அந்த வீட்டார் இன்றுவரை அண்ணாச்சியை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு முறை கல்யாண வீடியோ பார்க்கவும் அவரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டியிருக்கிறது.

அடக்க வீட்டுக் கதை ஒன்று உண்டு. எஸ்டேட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனார். சபைப் பாட்டுகள் அண்ணாச்சியிடம்தான் இருந்தன. துக்கப்பாட்டு, பிறந்தநாள் பாட்டு, கிறிஸ்மஸ் பாட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுப் புதிதாகத் தைத்திருந்தார். சாஃப்ட்வேரில் ஏதோ ஒன்றை மாற்றி வைத்துவிட்டார் போல. தமிழில் எழுதிய பாட்டுப் பெயர் எல்லாம் வெறும் கோடுகளாக மாறிப்போயிருந்தன. அது அவருக்குத் தெரிந்தது சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிக் கோடுகள். போதகர் ஐயா பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டிவிட்டார். அண்ணாச்சி கண்ணை மூடி ஒன்றை அமுக்கினார். சலங்கையும் டிரம்மும் குலுங்க, பாலன் பிறந்தார் என்று ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. ஆடி மாதம், அடை மழை, தோளில் பெட்டி.

தூக்கியவர்களின் கால் தானாக வேகம் பிடித்தது. அண்ணாச்சி நிறுத்தப் பார்த்த பதற்றத்தில் சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. எல்லாரும் அவரை அடிப்பார்கள் என்று நான் லேப்டாப் பையோடு தயாராக நின்றேன். அப்போது அந்த வீட்டு அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கெடக்கட்டும். அவியளுக்குக் கிறிஸ்மஸுன்னாதான் உசுரு," என்றார். அதனால் முதுகு தப்பியது. போதகர் ஐயா மட்டும் அடுத்த மூன்று வாரம் பொறுமையைப் பற்றியே பிரசங்கம் செய்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அவருக்கு மட்டும் அது ஆச்சரியமாக இருந்தது. நாற்பதைத் தாண்டிவிட்டார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கம்பத்தில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்திதான் பெண் தேடிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஆசை இருந்தது. வாயால் சொல்ல மாட்டார். ஆனால் கடைக்கு மெத்தை வைத்த ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, வருகிறவர்கள் யாரையும் அதில் உட்கார விடாமல் காத்துவந்தார். நான் ஒருமுறை உட்கார்ந்தேன். "எந்திலே," என்றார். யாருக்கு என்று கேட்டதற்கு, நான் உட்கார்ந்த இடத்தைத் துணியால் துடைத்தார்.

மற்ற மாப்பிள்ளைகள் ஒரு போட்டோவை வாட்ஸப்பில் தட்டிவிடுவார்கள். இவர் தன்னையே ஃபோல்டர் போட்டார். முகம் என்று ஒன்று, குடும்பம் என்று ஒன்று, தொழில் என்று ஒன்று. கடைசியாக, குறைகள் என்று ஒன்று. அதுதான் இருப்பதிலேயே பெரியது. தலையில் முடி கொட்டிய இடத்தை மேலிருந்து எடுத்த படம். அவர் சமைத்துக் கருகிய கப்பையின் படம். மத்தியானம் கடையிலேயே தூங்கும்போது விடுகிற குறட்டைச் சத்தம், அதை அவர் சொல்லி நான்தான் போனில் பதிவு செய்து கொடுத்தேன். பிடிவாதம் என்று ஒரு ஃபைல், திறந்தால் 'உண்டு' என்று ஒரே வார்த்தை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, பென்டிரைவில் போட்டு, உறையோடு அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

போட்டோ மட்டும் போதாதா என்று நான் கேட்டேன்.

"போட்டோவக் குடுத்தா வெட்டி ஒட்டி வேற ஆளாக்கிருவானுவ. பொறவு கல்யாணத்தன்னைக்கு வந்து, நீ அவன் இல்லியேன்னு நிப்பாவ. மொத்தமாப் போவட்டும். பாத்துட்டு வேணும்னா வரட்டும், வேண்டாம்னா விடட்டும்."

பார்த்தால்தானே. கம்பத்தில் ஒரு வீட்டில் பென்டிரைவ் காலி என்றார்கள். போடியில் ஒரு வீட்டில், இதைப் போட்ட பிறகுதான் டிவியில் கோடு விழுகிறது என்று அக்காவோடு சண்டைக்கு வந்தார்கள். இன்னொரு வீட்டில், மாப்பிள்ளை வைரஸ் அனுப்பியிருக்கிறார் என்று கோவிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டார்களாம். அவர்களும் சபைக்குப் போகிறவர்கள்தான். யாருமே அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவரை வேண்டாம் என்றார்கள். மனம் நோகும் என்று அக்கா சொல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. முழுசாகப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் குறைகள் ஃபோல்டரில் இன்னும் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று, தைத்ததைப் பிரிக்காமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து திரட்டிப் புதிதாக ஒன்றைச் சேர்த்து வேறு மூட்டை தைப்பார். தைத்ததும் ஃபோல்டரை அழித்துவிடுவார். ஒரே சரக்கு இரண்டு சாக்கில் இருந்தால் எது அசல் என்று குழப்பம் வருமாம்.

அக்கா ஒரு நாள் போனில் அழுதாள். வண்டன்மேட்டில் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள், பெயர் ஸ்டெல்லா, இதுவும் தட்டிப்போனால் இனி எந்த வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்றாள். அண்ணாச்சி "செரிக்கா, செரிக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு, ஸ்டெல்லாவுக்கும் அதே மூட்டையைத்தான் அனுப்பினார். இந்த முறை குறைகளில் 'அக்காவை அழவைத்தது' என்று ஒன்று கூடியிருந்தது.

இரண்டு வாரம் பதில் இல்லை. அவர் கடையைத் திறந்தார், மூடினார். அலமாரி உறைகளை எடுத்துத் தூசி தட்டினார். வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் கேட்டபடியே பென்டிரைவில் வெறும் படங்களாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி உடைகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பையைக் கட்டினேன், அவிழ்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைக்கு நடுவே ஒரு ஜீப் வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் பென்டிரைவும் உறையும். விரல் நுனியெல்லாம் பச்சை. ஏலக்காய் தரம் பிரித்துச் சாம்பிள் பொட்டலம் கட்டுகிற வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. முப்பத்தெட்டு வயதில் தானே மாப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பி வந்தவளுக்கு வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

"சீல் அண்ணாச்சிங்கது நீங்கதானா? நான் ஸ்டெல்லா."

அண்ணாச்சி சட்டென்று எழுந்தார். பதற்றத்தில் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, உட்காரு என்றார். நான் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. மெத்தை நாற்காலி நடுவில் காலியாகக் கிடந்தது.

"இத டிவியில போட்டேன், ஓடல. போன்லயும் ஓடல. எங்க எடத்துல ஒரு பழைய கம்ப்யூட்டரு, அதுல போட்டா என்னமோ பெருசா ஒண்ணு கெடக்குன்னு மட்டும் காட்டுது. மத்த எடத்துலல்லாம் இத வச்சே வேண்டாம்னுட்டாவளாமே. நான் வேண்டாம்னு சொல்லுததா இருந்தாலும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அண்ணாச்சியின் முகம் மாறியது. "அவிய யாரும் பாக்கலியா?"

"எப்படிப் பாப்பாவ? மூட்டையத் தச்சு அனுப்பிட்டா போதுமா? ஏலத்துல சாம்பிள் பாக்காம ஒரு மூட்டைக்கு எவனாவது வெல சொல்லுவானா? ஒரு பிடி வெளிய எடுத்துத் தட்டுல வச்சாத்தான் ஆள் கிட்டயே வருவான். ஒரு போட்டோவ மேல வச்சு அனுப்பிருக்கப்படாதா?"

ஊரே சேர்ந்து அவருக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறது. போதகர் ஐயா வேதத்திலிருந்து சொன்னார், மாப்பிள்ளையின் அப்பா கெட்ட வார்த்தையில் சொன்னார். ஒன்றும் ஏறவில்லை. சாக்கும் காயும் வைத்துச் சொன்னதும் அண்ணாச்சி அப்படியே நின்றார். பிறகு அவள் கையிலிருந்த பென்டிரைவை வாங்கிச் சொருகி, சிடியை ஏற்றினார்.

எதை முதலில் காட்டட்டும் என்று கேட்டார். குறைகள் என்றாள்.

குறட்டையை அமுக்கினார். கடையின் பெரிய ஸ்பீக்கர் இணைந்திருப்பதை மறந்துவிட்டார். அந்தச் சத்தம் பலகைத் தரை வழியாக இறங்கி ஸ்டோர் முழுக்கப் பரவியது. காய் உலர்த்தும் இடத்து மின்விசிறி உடைந்துவிட்டது என்று நினைத்து ஸ்டோர்க்காரர் ஈரக்காலோடு மேலே ஓடிவந்து, கரண்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். நான் அவரைப் படியிலேயே பிடித்து, அது கல்யாண விஷயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"இது நெசமாவே நீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"நாந்தான். வேணும்னா இவன் சாட்சி."

"ஆமாங்க," என்றேன். "தெனமும் கேக்கறனுங்க."

அவள் சிரிக்கவில்லை. கருகிய கப்பையைப் பார்த்தாள், வழுக்கையைப் பார்த்தாள், பிடிவாதத்தைத் திறந்து ஒரு வார்த்தையைப் படித்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்றாள்.

"என்னது?"

"யாரு எத கேட்டாலும் அவிய கேட்டதக் குடுக்காம நீங்க நெனச்சதக் குடுக்கிய. அது கொறையில்லையா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "கொறதான்," என்றார்.

"அப்ப அதயும் சேருங்க."

"சேக்க முடியாதே. சீல் ஆயிடிச்சி."

"எனக்குக் குடுத்தது எனக்கு முழுசா வேணும்."

கீழே ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அந்த மழையில் ஆள் சேர்ந்துவிட்டால் நிற்க மாட்டான். சக்குபள்ளத்துக்காரரின் பலாப்பழத்துக்கு மசியாத மனிதர் இவர். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் குடையை விரித்துப் போய்விடுவாள். அக்காவின் கடைசி வாசலும் மூடிவிடும். அவர் சாஃப்ட்வேரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சாஃப்ட்வேரைப் பார்த்தார்.

"பிரிக்க முடியாது," என்று மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு உயிர் போயிற்று. "ஆனா எல்லாத்தையும் வெளிய கொட்டி, நீங்க சொன்னதயும் போட்டு, புதுசா ஒண்ணு தைக்கலாம். ஃபோல்டர நான் அழிச்சிட்டேன். மறுபடி ஒவ்வொண்ணா எடுத்து வைக்கணும். நேரமாவும். ஜீப் போயிரும்."

"அடுத்த ஜீப்புல போறேன்," என்று அவள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் எந்திரிக்கச் சொல்லவில்லை.

பழைய கம்ப்யூட்டர், ஆமை மாதிரிதான் எடுத்தது. ஒவ்வொன்றாக வெளியே வந்து புது ஃபோல்டரில் விழுந்தது. நான் மூன்று பேருக்கும் பால் சேர்க்காத கட்டஞ்சாயா வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது குடும்பம் ஃபோல்டர் வந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மா. கம்பத்து அக்கா, பிள்ளைகளோடு. அடுத்து ஒரு படம். காலிச் சாக்குக் குவியலின்மேல் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். லுங்கி முழங்காலுக்கு மேலே. தலைமாட்டில் பிளாஸ்டிக் பை.

"இது யாரு?" என்றாள் ஸ்டெல்லா.

நான் டம்ளர்களோடு வாசலில் நின்றேன். அந்தப் படத்தை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கம்பத்துக்கும் போடிக்கும் போன எல்லா மூட்டையிலும் நான் போயிருக்கிறேன் என்பதும் தெரியாது.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. "தம்பி," என்றார். "ஒரு எடத்துல நிக்கமாட்டான். ஓடிக்கிட்டே இருப்பான். அதான் தூங்கும்போது எடுத்தேன்."

"அம்மா ஒண்ணா?"

"இல்ல. வந்து சேந்தவன்."

அவள் என் கையில் இருந்த டம்ளர் ஒன்றை வாங்கிக்கொண்டாள். "ஒக்காருங்க தம்பி," என்றாள். அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும் என்று சொல்லிக் கீழே ஓடினேன். அடுப்பில் விறகு நிறையவே இருந்தது.

திரும்பி வந்தபோது புதிய குறையை அவளே டைப் செய்து முடித்திருந்தாள். இனி தைக்கலாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டே ஒரு கட்டளையும் போட்டாள். "அடுத்த சனிக்கெழம எங்க வீட்டு ஃபோல்டரக் கொண்டு வாரேன். என் கொறயும் கொஞ்சம் கெடக்கு. நான் சொல்லுத வரைக்கும் அத தைக்கப்படாது."

"செரி," என்றார் அண்ணாச்சி. தைக்காமல் ஒரு ஃபோல்டரை வைத்திருக்க அவர் ஒப்புக்கொண்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. போதகர் ஐயா மாப்பிள்ளையின் பெயரை வாசித்ததும் மொத்தச் சபையும் யார் அது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. சீல் அண்ணாச்சிக்கு வேறு ஒரு பெயர் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார் ஐயா. ஆள் யாரென்றே தெரியாமல் எதை ஆட்சேபிப்பது? சக்குபள்ளத்துக்காரர் மட்டும் பாதி எழுந்தார். ஆள் யாரென்று உறுதியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணப் படங்களை ஸ்டெல்லாக்காவே எல்லாருடைய போனுக்கும் நேராக அனுப்பிவிட்டாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, பல்லைப் பிடுங்கும்போது நிற்பதுபோல் நின்றார். வீட்டுக்குப் போய் ஒன்று தைத்து வைத்துக்கொண்டார் என்று கேள்வி.

அடுத்த மழைக்கு முன்னால் நான் கிளம்பிவிட்டேன். அவர்கள் இருக்கச் சொன்னார்கள். என் கால் கேட்கவில்லை. அண்ணாச்சி ஜீப் வரைக்கும் வந்தார். போகிற இடத்தில் படத்தை எல்லாம் சும்மா போட்டு வைக்காதே என்றார். வேறு ஒன்றும் பேசத் தெரியாத மனிதர்.

இப்போது மறுபடி எருத்தேன்பதிப் பக்கம், ஒரு தோப்பில் காவல். நடுவில் போன் இரண்டு முறை தொலைந்தது. படங்களும் நம்பர்களும் போயின. பழநிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது, சொந்தக்காரர் யாராவது உண்டா என்று ஒரு நர்ஸ் கேட்டார். பழக்க தோஷத்தில், "இல்லைங்க" என்று வாய்வரை வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்து, ஆனைக்கரையில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று சொன்னேன். பொய் இல்லை. அங்கே ஓர் இல்லாத சிடியில், குடும்பம் என்ற ஃபோல்டரில், அப்படித்தான் இருக்கிறது. தைத்தாகிவிட்டது. இனி அண்ணாச்சியே நினைத்தாலும் மாற்ற முடியாது.